அறுநூற்றைம்பது வாட்டும் அப்பாவின் கணக்கு நோட்டும்

புது எஸ்எம்பிஎஸ்ஸை மதுரை வில்லாபுரம் வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அப்பா முதலில் பார்த்தது, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருந்த 650 என்ற எண்ணைத்தான்.

"ஏத்தா, இது என்ன அறநூத்தம்பது?"

"வாட்டுப்பா. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பெட்டி."

"முன்ன இருந்தது எம்புட்டு?"

"நானூத்தம்பதுன்னு போட்டிருந்துச்சு."

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னுடைய நீள நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். கீழமாரட் வீதியில் ஒரு வெங்காய மண்டியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவர். பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபிக்காரர் எடுக்கும் ரீடிங் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

கணக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பழையதைவிட 200 வாட் கூடுதல். நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்கிறேன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியானால் நாளைக்கு 2 யூனிட் கூடும். அறுபது நாளைக்கு 120. போன ரீடிங்குக்கு வந்தது 418. கூட்டினால் 538.

"ஐநூறத் தாண்டுதே தாயி."

தமிழ்நாட்டில் வீட்டு பில் கட்டுகிறவர்களுக்கு அந்த ஐநூறு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டினால் வேறு பட்டியல். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, உள்ளே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறிவிடும். எங்கள் தெருவில் நானூற்றெண்பதைத் தொட்டுவிட்டால் மிக்ஸி போடக்கூட யோசிக்கிற வீடுகள் உண்டு.

அப்பா பெருக்கியதில் ஒரு பிழையும் இல்லை. பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு. நான் கல்யாண ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் செய்கிறவள். எங்கள் தொழிலில் பலரும் இதே எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இதே எண்ணை நம்பி ஏமாறவும் செய்கிறார்கள். நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் வந்திருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

அப்பா ஏன் அப்படி எடுத்துக்கொண்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வாட் எழுதியிருக்கும் மற்ற பொருட்களைப் பாருங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சூடேறும்போது 1000 வாட் இழுக்கிறது. 9 வாட் எல்ஈடி பல்பு 9 வாட் இழுக்கிறது. ஃபேனில் 75 என்றிருந்தால் முழு வேகத்தில் 75. இத்தனை காலமும் அந்த எண் செலவைத்தான் சொல்லி வந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் அதே வாட், அதே மாதிரி எண், ஆனால் பொருள் வேறு. அது எவ்வளவு வரைக்கும் கொடுக்க முடியும் என்பதைச் சொல்கிறது. இன்வெர்ட்டர், யூபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் இந்த ஜாதிதான். செலவழிக்கிற பொருள் ஒன்று, கொடுத்து அனுப்புகிற பொருள் ஒன்று.

எஸ்எம்பிஎஸ் என்ன செய்கிறது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் அந்தந்த நொடிக்கு எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவுதான் போகும். நான் சும்மா ஒரு கடிதம் டைப் அடிக்கும்போது பிராசசர் கேட்பது கொஞ்சம். வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டால், அதாவது எடிட் செய்ததை முழு ஃபைலாக எழுதச் சொன்னால், அதே பிராசசர் பல மடங்கு கேட்கும். 650 என்பது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கேட்டாலும் விடாமல் கொடுக்கத் தாங்கும் உச்ச அளவு. யாரும் கேட்காவிட்டால் அந்த 650 சும்மா கிடக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு மண்டிக்காரராக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இந்த அறநூத்தம்பது தெம்பா, மூடையா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார்: "எங்க மண்டியில ஒருத்தர் இருந்தாரு. ரெண்டு மூடையச் சேத்து முதுகுல ஏத்திக்கிட்டுப் பலகை மேல நடந்து லாரியில போடுவாரு. நூறு கிலோ. அதே ஆளு கையில அஞ்சு கிலோ பையக் குடுத்தா அஞ்சு கிலோதான தூக்குவாரு? கூலி தூக்குன எடைக்கு. தெம்புக்கு யாரும் கூலி குடுக்கல."

"அதேதாம்ப்பா. 650 தெம்பு. ஈபி மீட்டர் எண்ணுறது மூடைய."

"சரி. மூடை எம்புட்டு?"

இதைவிடத் தெளிவாக யாரும் இந்த விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. மூடை எவ்வளவு என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் அளந்து பார்த்தோம். அதற்கு முன்னால், எனக்கு ஏன் இந்தத் தெம்பு தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியது. கேபினெட் வாங்கும்போதே உள்ளே எஸ்எம்பிஎஸ் பூட்டி வந்தது. அதன்மேல் பெரிய ஸ்டிக்கர், 450. நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். பிறகு வீடியோ வேலை கூடியதும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டேன். அது மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், உச்சம் 75 வாட். 450-இல் 75 என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

போன வைகாசியில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். என் வேலை அறை மொட்டை மாடியில் இருக்கிறது. கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். சோழவந்தான் பக்கத்துக் கல்யாண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன். திரும்பி மேலே ஏறும்போது படியிலேயே நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றத்தோடு மீன் கவுச்சி கலந்த மாதிரி. ஸ்கிரீன் கறுப்பு. பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் சர்வீஸ் அண்ணன் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்து நாலு ஸ்குரூவையும் எடுத்தார். மூடியைத் தூக்கியதும் தூசி பஞ்சு மாதிரி எழுந்து வந்தது. உள்ளே வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில், அதாவது மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சின்ன உருளைகளில், மூன்றின் தலை உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தலை வடைபோல மேடாகி, நடுவில் இருக்கும் கீறல் வழியாகப் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அண்ணன் அந்தப் பெட்டியை ஒரு கையில் எடுத்து என்னிடம் கொடுத்து, "எடை பாரும்மா" என்றார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. பிறகு ஸ்டிக்கரைத் துடைத்து, பெரிய 450-க்குக் கீழே எறும்பு எழுத்தில் இருந்த கட்டத்தைக் காட்டினார்.

அதில் 12 வோல்டுக்கு நேராக 15 ஆம்பியர் என்றிருந்தது. வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். பன்னிரண்டையும் பதினைந்தையும் பெருக்கிப் பாருங்கள். 180.

அந்தக் கட்டத்தைத்தான் நான் வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும். இன்றைய கம்ப்யூட்டரில் தின்கிற பொருள் இரண்டு, பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். இரண்டுமே 12 வோல்டில்தான் உயிர் வாழ்கின்றன. ஒரு காலத்தில் பிராசசர் 5 வோல்டிலிருந்து எடுத்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோதுதான் அதற்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு வந்தது. அன்றிலிருந்து கனமான சுமை எல்லாம் 12 வோல்டுக்கு மாறிவிட்டது. ஆனால் மட்டமான பெட்டிகளில் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் யாருக்கும் தேவைப்படாத ஆம்பியர்களையெல்லாம் எழுதி, அவற்றைக் கூட்டி 450 என்று ஒட்டிவிடுகிறார்கள். என் கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது 180 வாட் தெம்புள்ள ஆள். அதுவும் அந்த 180-ஐ ஏசி போட்ட அறையில் கொடுப்பாரா, மதுரை வைகாசியில் கொடுப்பாரா என்று ஸ்டிக்கரில் இல்லை.

சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம். கெப்பாசிட்டருக்குள் இருப்பது திரவம். சூடு கூடக்கூட அது வேகமாக வற்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. நல்ல பெட்டிகளில் 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் போடுவார்கள், மட்டமானவற்றில் 85. எஸ்எம்பிஎஸ் அறைக்காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. அறையே 40 டிகிரியில் இருந்தால் அது எங்கே போய்க் குளிரும்? நல்ல தயாரிப்பாளர்கள் 40 டிகிரியிலோ 50 டிகிரியிலோ முழு வாட்டும் தொடர்ந்து வரும் என்று வெப்பத்தையும் சேர்த்து எழுதுவார்கள். மதுரையில் வாங்குகிறவர் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

பெட்டி மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. போகிற போக்கில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி ஹார்ட் டிஸ்க்கின் போர்டைக் கருக்கிவிட்டது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்டேஜ் எல்லை மீறினால் தானாக நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கும். இதில் அதற்கான வேலை எதுவும் நடக்கவில்லை. அந்தக் கல்யாணத்தின் முகூர்த்தப் படங்கள் வேறு டிஸ்க்கில் இருந்தன. முந்தின ராத்திரி பெண்ணழைப்புப் படங்கள் இதில் மட்டும். போட்டோகிராபர் மெமரி கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார். ரெக்கவரிக்குக் கொடுத்துப் பார்த்தும் வரவில்லை.

நானே நேரில் போய்ச் சொன்னேன். பெண்ணின் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க அத்த சந்தனம் வச்சு விடுற படம் அதுலதான இருந்துச்சு" என்றார். காப்பி கொடுத்து, "விடு தாயி, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்று அவரே என்னைத் தேற்றி அனுப்பினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது 450 என்ற அந்த ஸ்டிக்கர்தான் கண்முன் நின்றது. இன்றைக்கு எல்லாப் படத்தையும் மூன்று இடத்தில் வைக்கிறேன். ஆனால் அந்தச் சந்தனப் படம் போனது போனதுதான்.

ஆகவே புது மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டத்தைப் பார்த்தேன். இந்த 650 பெட்டியில் 12 வோல்டுக்கு நேராக 54 ஆம்பியர். பெருக்கினால் 648. எழுதியிருப்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்டிலேயே கிடைக்கிறது. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. கடையில் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல், ஆம்பியரையும் பன்னிரண்டையும் பெருக்கிப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

இனி மூடைக் கணக்கு.

எங்கள் வீட்டு ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து மீட்டரில் அலுமினியத் தகடு சுற்றும், அதில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து வந்து போகும். சின்ன வயதில் அதை எண்ணுவது எனக்கு விளையாட்டு. இப்போதைய மீட்டரில் தகட்டின் வேலையை இந்த விளக்கு செய்கிறது. பக்கத்திலேயே 3200 என்று ஒரு எண் போட்டிருக்கும். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டர்களில் 1600 என்றிருக்கும், உங்கள் வீட்டில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தோம். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், வைஃபை எல்லாவற்றையும் நிறுத்தினோம். இன்வெர்ட்டரை மறந்துவிடக் கூடாது, அது பாட்டுக்கு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதன் பிளக்கையும் பிடுங்கினோம். மீட்டர் விளக்கு அப்படியே நின்றது. கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் மட்டும் போட்டேன். அப்பா முற்றத்தில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் போனில் ஐந்து நிமிஷம் அலாரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மினுக்குக்கும் நோட்டில் ஒரு கோடு கிழித்தார். மண்டியில் மூடை எண்ணுகிற மாதிரியே நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டார்.

சும்மா திறந்து வைத்திருந்தபோது ஐந்து நிமிஷத்தில் இருபது மினுக்கு. ஒரு மணி நேரத்துக்கு 240. அதை 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட். ஆல்பம் டிசைன் செய்யும்போது, படங்களைத் திறந்து மூடி லேயர் போட்டு வேலை செய்கையில், முப்பது மினுக்கு. 112 வாட். பிறகு ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். மாடியிலிருந்து ஃபேன் சத்தம் கீழேவரை கேட்டது. அப்பாவின் கை ஓயவில்லை. அறுபத்தெட்டு. 255 வாட்.

"இம்புட்டு வேல பாத்தும் அறநூத்தம்பதுக்கு வரலையே" என்றார்.

வராது. என் மெஷினில் இருப்பது ஐ5-12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. பிராசசர் உச்சத்தில் 117 வாட், கார்டு 170 வாட் என்பது அந்தந்த நிறுவனங்கள் கொடுக்கும் கணக்கு. மதர்போர்டு, டிஸ்க், ஃபேன்களுக்கு இன்னும் முப்பது நாற்பது. எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொட்டாலும் 330-ஐ ஒட்டித்தான் வரும். என் வேலையில் இரண்டும் சேர்ந்து உச்சத்துக்குப் போவதே அபூர்வம்.

அப்பா நாள் கணக்குப் போட்டார். டிசைன் ஏழு மணி நேரம், சும்மா திறந்திருப்பது இரண்டு மணி நேரம், எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரம். கூட்டினால் நாளைக்கு 1.2 யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அறுபது நாளைக்கு 72. ஞாயிறுகூட விடாமல் உட்கார்ந்தால்தான் அதுவும். 650-ஐ வைத்துப் பெருக்கியிருந்தால் 390 வந்திருக்கும். பழைய பெட்டியைவிட 120 கூடும் என்று பயந்தோம், மொத்தச் செலவே 72-தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். 330 போதும் என்றால் எதற்கு 650? 3060 கார்டுக்கு அதைத் தயாரிக்கும் என்விடியாவே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, என்னுடைய பழைய பெட்டி மாதிரி ஸ்டிக்கரில் மட்டும் வாட் உள்ளவை ஊரெல்லாம் இருக்கின்றன. சொல்கிற எண்ணிலேயே அதற்கும் இடம் விட்டுச் சொல்கிறார்கள். இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு கேட்பது சீராக இருக்காது. சராசரி 170 என்றாலும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் திடீரென்று அதைப்போல இரண்டு மடங்குகூடக் கேட்டுவிட்டுத் தணிந்துவிடும். மீட்டரோ நம் கண்ணோ அதைப் பிடிக்காது, ஆனால் எஸ்எம்பிஎஸ் பிடிக்கும். தாங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, புது வகை கிராபிக்ஸ் கார்டு இணைப்புள்ள பெரிய பெட்டிகள் தங்கள்மேல் எழுதிய வாட்டைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. பலகை மேல் நடக்கையில் கால் சறுக்கினால் மூடையோடு சமாளித்து நிற்கிற தெம்பு அது.

1981-இல் ஐபிஎம்மின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த சப்ளை 63.5 வாட்தான். இன்றைக்கு ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றுக்கே 575 வாட். அந்த மாதிரி கார்டு போடுகிறவருக்கு 1000 வாட் பெட்டி நியாயமான தேவை. கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் மெஷின் வாங்குகிறவருக்கு நம்பகமான 400, 450 வாட் தாராளம். கடையில் 750-ஐத் தலையில் கட்டினால் பில் ஏறிவிடாது, ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி படங்களை இரண்டாவது இடத்தில் வைக்கலாம். நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

அப்பா விடவில்லை. "சுவத்துல இருந்து வாங்குறது பூராவையும் உள்ள குடுத்துருமா?"

கொடுக்காது. மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். உள்ளே 100 வாட் போக வேண்டுமென்றால், 80 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 125 வாட் வாங்கும். 90 சதவீதம் என்றால் 111. இதை அளக்கத்தான் 80 பிளஸ் என்ற முத்திரை 2004-இல் வந்தது. சுமை இருபது சதவீதமாக இருந்தாலும், பாதியாக இருந்தாலும், முழுதாக இருந்தாலும் குறைந்தது 80 சதவீதம் என்பது அதன் அடிப்படை. பிறகு பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு, பிளாட்டினம் என்று படிகள் வந்தன. கோல்டு என்றால் பாதிச் சுமையில் குறைந்தது 90. அந்த 14 வாட் வித்தியாசம் என்னுடைய 600 மணி நேரத்தில் 8 யூனிட். நல்லதுதான், ஆனால் கோல்டு முத்திரை பில்லைப் பாதியாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முத்திரை திறனை மட்டும்தான் சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்வதில்லை. சோதனையும் 23 டிகிரி அறையில் நடக்கிறது. நம் மாடி அறையில் இல்லை.

ரொம்பப் பெரிய பெட்டியில் ரொம்பக் கொஞ்சமான சுமை ஏற்றினால் திறன் குறையும் என்பதும் உண்மை. இதற்கும் அப்பாவே உவமை சொன்னார்: "வெறுங்கையோட பலகை ஏறுனாலும் தன் உடம்பத் தூக்கித்தான ஏறணும்." 1000 வாட் பெட்டியில் 40 வாட் வேலை மட்டும் நடந்தால் அந்த உடம்புச் செலவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதுவும் ஐந்து பத்து வாட் அளவில்தான், நூறுகளில் இல்லை.

இப்படி அளந்து வைத்தது இன்வெர்ட்டர் விஷயத்தில்தான் எங்களுக்கு உடனே காசாக உதவியது. மாதாந்திரப் பராமரிப்புக்கு எங்கள் ஏரியாவில் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நிறுத்தினால் மதியம் தாண்டும். 2012-இல் நாளெல்லாம் மின்வெட்டு இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆகையால் இன்வெர்ட்டர் இல்லாமல் இருக்க முடியாது. புது மெஷினைப் பார்த்துவிட்டு ஒருவர், "650 வாட்டா? இந்த இன்வெர்ட்டர் தாங்காது, ரெண்டு பேட்டரி போடுங்க" என்றார். வீட்டில் இருப்பது 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்று. 12 வோல்டால் பெருக்கினால் 1800 வாட் மணி. மாற்றுவதில் போகும் சேதாரம், பேட்டரியை ஒட்டக் காலி செய்யக் கூடாது என்பது எல்லாம் கழித்து 1000 என்று வைத்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் 112, ஃபேன் 75, ட்யூப்லைட் 20. சுமார் 200. ஐந்து மணி நேரம் ஓடும். ஷட்டவுன் அன்று எக்ஸ்போர்ட் போடாமல் டிசைன் மட்டும் செய்தால் போதும். போன மாதம் அப்படித்தான் செய்தேன், கரண்ட் வரும்வரை பேட்டரி தாங்கியது. யூபிஎஸ் வாங்கும்போதும் இப்படித்தான்: 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும், அந்த 360-க்குள் என் 255 அடங்குகிறதா என்று பார்த்தேன். அடங்குகிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா நோட்டை மூடவில்லை.

"கம்ப்யூட்டர் எழுவத்தி ரெண்டு. மொத்தம் நானூத்திப் பதினெட்டு. மிச்சம் முந்நூத்தி நாப்பத்தாறு எங்க போகுது?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒவ்வொரு பொருளாக எண்ணினார். நான் வேலைக்கு இடையில் இறங்கி வந்தால், "பேசாத, எண்ணிட்டிருக்கேன்" என்பார். ஹால் ஃபேன் வாங்கி எத்தனையோ வருஷம். அதை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு ஐந்து நிமிஷம் எண்ணினார். இருபது மினுக்கு. நான் வேலை செய்யாமல் திறந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து இழுத்த அதே இருபது. அது நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 67 யூனிட்.

"உன் மெசினும் இந்தக் காத்தாடியும் ஒண்ணாத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கணக்கு சரியாக இருக்கிறதா என்று நோட்டில் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் ஒன்று வாங்கி வந்தோம். அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல போட்டிருக்குறது மூடையா, தெம்பா?"

"ஃபேன்ல மூடைதாம்ப்பா."

"எதுக்கும் எண்ணிருவோம்."

மாட்டி முடித்த எலக்ட்ரீசியன் தம்பியை டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு, ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து நோட்டை என்னிடம் காட்டினார். ஐந்து கோட்டுக் கட்டு ஒன்று, பக்கத்தில் தனியாக நாலு கோடு.